மெஷினில் தங்கிய முகம்

ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம், எண்ணூர் நிலக்கரி யார்டில் வேலை பார்க்கும் அன்புமணி முகம் இல்லாமல் வீட்டுக்கு வந்தான். நெற்றியிலிருந்து தாடைவரை உரித்த முட்டைபோல வழவழவென்று இருந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்கும் அரைக் கிலோ தக்காளியும் இருந்தன. தக்காளி அன்றைக்குக் கிலோ நாற்பது. நடையை வைத்தே புருஷன்தான் என்று கார்குழலி கண்டுகொண்டாள். வாயில்லாத ஆள் எப்படிச் சாப்பிடுவான் என்று ஒரு கணம் திகைத்தாள். தட்டில் வைத்த சோறு எப்படியோ குறைந்தது, குரலும் எங்கிருந்தோ வந்தது. ஆகவே அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

நடந்தது இதுதான். யார்டில் விரல் வைக்கும் மெஷினை எடுத்துவிட்டு, முகம் பார்த்து வருகை போடும் மெஷினை கேட்டில் மாட்டினார்கள். ஆபீசிலிருந்து வந்த ரகுபதி எல்லோரையும் வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிற்கவைத்துப் படம் எடுத்தார். படம் தெளிவாக இருக்க வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. சோப்புப் போட்டுக் கழுவி, சவரம் செய்து, கண்ணாடியைக் கழற்றி, சிரிக்காமல் நிற்க வேண்டும். அன்புமணி அவசரத்தில் தாடையில் பிளேடால் கீறிக்கொண்டான். காலையில் கழுவின முகங்களை மெஷின் பெயர் சொல்லி உள்ளே அனுப்பியது. சாயங்காலம் வெளியே போக வந்து நின்ற கரி அப்பிய முகங்களை அதற்கு யாரென்றே தெரியவில்லை. தண்ணீர்க் குழாயோ கேட்டுக்கு வெளியே இருந்தது. கம்பெனி நேரத்தில் யாரும் முகம் கழுவிவிடக் கூடாது என்று, முதலில் வருகை, அப்புறம்தான் தண்ணீர் என்பது அந்த யார்டின் வெகுநாள் வழக்கம். ஆக, மெஷினைப் பொறுத்தவரை உள்ளே போன முகம் எதுவும் வெளியே போகவில்லை. போகாத முகங்களை அது தன்னிடமே வைத்துக்கொண்டது.

ஒரு வாரத்தில் யார்டு முழுக்க அப்படி ஆனது. யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சூப்பர்வைசர் இளைத்துப்போனார். முகங்கள் இரவும் பகலும் உள்ளேயே இருந்ததால் வருகை நூற்றுக்கு நூறு என்று ரகுபதிக்கு மேலிடத்திலிருந்து பாராட்டு வந்தது. வியாசர்பாடி குடியிருப்பில் பெண்கள் புருஷனைச் சட்டையை வைத்து அடையாளம் கண்டார்கள். கம்பெனி யூனிபார்ம் கொடுத்த பிறகு இருமலை வைத்து.

கார்குழலிக்கு அதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது குழந்தைதான். செங்கொடிக்குப் பத்து மாதம், 'நைனா' என்று சொல்ல ஆரம்பித்திருந்த நேரம். அப்பன் தூக்கினால் அந்த வழவழப்பைத் தடவிப் பார்த்துவிட்டு வீறிட்டாள். ஐப்பசிக்குள் அந்தச் சொல்லே அவள் வாயிலிருந்து போய்விட்டது. அன்புமணி வீட்டில் சுவரைப் பார்த்து உட்காரப் பழகினான். அதைப் பார்த்த அன்றைக்குத்தான் கார்குழலி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு எண்ணூருக்கு பஸ் ஏறினாள்.

"சார், எங்க வூட்டுக்காரரு மூஞ்சிய குடுங்க."

"மெஷின் தப்பு பண்ணாதும்மா. பதிவான முகம் வந்து நின்னா தானா விட்டுடும்," என்றார் ரகுபதி.

"அந்த மூஞ்சியத்தான் நீங்க புட்சி வச்சிகினு கீறீங்களே! அப்பால எத்த கொண்டாந்து நிறுத்தறது?"

அதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார் ரகுபதி.

கார்குழலி கேட்கப் போகவில்லை. குழந்தையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, தரையில் கிடந்த கரித்துண்டை எடுத்தாள். உள்ளே வேலையிலிருந்த புருஷனைக் கூப்பிட்டு, ஒரு டிரம்மின் மேல் உட்காரவைத்து, வழவழப்பில் வரைந்தாள். அடர்ந்த புருவம், வலப்பக்கம் லேசாகச் சாய்ந்த மூக்கு, கன்னத்தை மேலே ஏற்றும் சிரிப்பு. பார்த்தவர்கள் அன்புமணியேதான் என்றார்கள். மெஷின் மட்டும் முகம் பொருந்தவில்லை என்றது.

"அண்ணி, பல்ல காட்ற மூஞ்சி இங்க செல்லாது," என்றான் கூட வேலை பார்க்கும் பகலவன், முகமில்லாமலே. "படம் புட்ச அன்னிக்கு எழவு வூட்ல நிக்கிறாப்புல நின்னுகினு இருந்தான்."

"இவுரு என்னிக்கு அப்டி நின்னாரு? எங்க அம்மா திட்டச் சொல்லோ கூட இளிச்சிகினுதான் இருப்பாரு."

சொல்லும்போதே அவளுக்கு நினைவு வந்தது. பிரசவ ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது, கதவு மூடும் கடைசி இடுக்கில், துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, சிரிப்பே இல்லாமல் ஒருவன் நின்றான். அந்த முகத்தை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தாள். முந்தானையால் சிரிப்பைத் துடைத்துவிட்டு அதை வரைந்தாள். அவசரத்தில் வாய் கொஞ்சம் கோணியது. அதுவும் சரியாகவே அமைந்தது.

"நன்றி, அன்புமணி," என்றது மெஷின்.

கரிக்கோடுகளுக்கு அடியில் முகம் வந்து உட்கார்ந்தது. தாடையில் பிளேடு கீறல் இப்போதுதான் பட்டதுபோல ஈரமாக இருந்தது. தாயின் இடுப்புக்குத் திரும்பியிருந்த செங்கொடி அதில் விரலை வைத்து, வெகுநேரம் யோசித்து, "நைனா" என்றாள்.

"கொயந்த கைய எட்றி, எரியுது," என்றான் அன்புமணி.

"எரிஞ்சா எரியட்டும், சும்மா இரு."

மறுநாள் கேட்டில் குடியிருப்பே கரித்துண்டோடு வந்து நின்றது, எல்லா முகங்களும் திரும்பின. கரியில் வரைந்த முகங்களைப்போலத் தெளிவான படம் இதுவரை வந்ததில்லை என்று மேலிடம் எழுதியதால், ரகுபதி எல்லோரையும் அப்படியே மறுபடி பதிவு செய்தார். இனி யார்டுத் தூசு எவ்வளவு படிந்தாலும் கவலையில்லை. தினமும் காலையில் வீட்டிலேயே முகத்தை வரைந்துகொண்டு வந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வரைய ஆளில்லாத பையன்களுக்கு அந்தத் தை மாதம் மளமளவென்று கல்யாணம் நடந்தது. மளிகைக்கடை ஞானதுரை ஷாம்பூ பாக்கெட்டுக்குப் பக்கத்தில் கரிக்குச்சி தொங்கவிட்டார். ஒரு குச்சி மூன்று ரூபாய். கார்குழலி வாயை வரையும்போது மட்டும் அன்புமணி சிரித்துவிடுவான், அவள் திட்டிக்கொண்டே அழித்து வரைவாள், அதனால் அடிக்கடி பஸ்ஸைத் தவறவிடுவான். சாயங்காலம் குழாயடியில் பெண்கள், தண்ணி லாரி வந்துச்சா என்று கேட்கும் அதே குரலில், மூஞ்சி வந்துச்சா என்று கேட்டுக்கொள்கிறார்கள். வந்துவிட்டது என்றால் உலை வைக்கிறார்கள்.