மாலை போட்ட பைப்பு

எண்ணெய்க் குழாய் ஒன்றை வரைபவன், அதன் வயிற்றைத் துப்புரவாக்கும் வழியையும் அப்போதே சேர்த்து வரைந்துவிட வேண்டும் என்பது விஜேந்திரன் கத்தாரில் கற்ற முதற் பாடம். உள்விட்டம் எங்கும் ஒன்றாக இருத்தல் வேண்டும். வளைவுகள் அகன்றிருத்தல் வேண்டும். பெரிய கிளை பிரியுமாயின் அதன் வாய்க்குக் குறுக்கே கம்பிகள் வேண்டும். இவை அமைந்தால், உள்ளே இறுக்கமாகச் செருகப்பட்ட அடைப்பான் ஒன்று அழுத்தத்தால் உந்தப்பட்டு, படிந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு மறுமுனையில் வந்து விழும். அதற்கு எண்ணெய்த் தொழிலில் வழங்கும் பெயர் பன்றி. இவை அமையாவிட்டால் பன்றி நடுவழியில் நின்றுவிடும். பாலைவனத்தைத் தோண்ட வேண்டி வரும்.

இப்பாடத்தை நமுனுகுல மலைச்சரிவில், தான் பிறந்த தேயிலைத் தோட்ட லயத்தின் வரிசை வீட்டாருக்கு விளக்கிப் புரியவைத்துவிட்டதாக நம்பியதுதான் அவன் செய்த பிழை.

ஊற்றுத் தொட்டியிலிருந்து லயத்துக்கு வந்த பழைய குழாய் மழைதோறும் சேற்றால் அடைத்துக்கொண்டது. அடைத்தால், வழுக்கும் சரிவில் இறங்கி, ஓடைநீர் விழும் பீலியில்தான் குடம் நிறைக்க வேண்டும். அவனுடைய மனைவி தயானி நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். “நான் திரும்பிப் போறதுக்குள்ள லயத்து வாசல்ல தண்ணி விழும்” என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். நாளைக் காலை அவன் கத்தாருக்கு விமானம் ஏறக் கொழும்புக்குப் புறப்பட வேண்டும்.

புதுக் குழாயை அவன் வரைந்தான். லயத்து ஆட்கள் புதைத்தார்கள். இடையில் விசா வேலையாக அவன் கொழும்புக்குப் போய் வந்த சில நாட்களிலும் வேலை நிற்கவில்லை. இன்று, புதைக்கும்போது உள்ளே புகுந்த மண்ணை வெளியேற்றுவதற்காக, தொட்டியடியில் பஞ்சுப் பன்றியைச் செருகி வால்வைத் திறந்துவிட்டு, லயத்து வாசலில் உள்ள கீழ்முனைக்கு ஓடிவந்து கூடையோடு நின்றான். பன்றி வரவில்லை. தண்ணீரும் வரவில்லை.

“பன்னி இன்னும் வரலியா மாப்புள?” என்றார் லயத்துக் கமிட்டித் தலைவர் நல்லையா. தயானிக்கு அவர் பெரியப்பா முறை.

“வரும் மாமா.”

“வழியில எங்கயாச்சும் மரவள்ளிப் பாத்திய பாத்திருக்கும்” என்றாள் பக்கத்து வீட்டு லெட்சுமி. “தின்னுட்டு வரட்டும், அவசரப்படுத்தாதீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். விஜேந்திரன் பல்லைக் கடித்துக்கொண்டு நல்லையாவிடம் திரும்பினான்.

“மூலையில வளைவு பெருசாத்தானே போட்டீங்க?”

“மாரியம்மன் சத்தியமா, நீங்க சொன்ன வளைவுதான்.”

“பைப்பு எல்லாம் ஒரே அளவா?”

“ரெண்டு அங்குலம். ஒண்ணுகூட மாறல.”

“வேற ஏதாச்சும் மாத்துனீங்களா மாமா?”

நல்லையா மலையைப் பார்த்தார். லெட்சுமி நல்லையாவைப் பார்த்தாள்.

“மாத்தல மாப்புள” என்றார் அவர். “சேத்தோம்.”

அவனுடைய வீட்டுப் பின்புறத்தில் ஏதோ களகளவென்று விக்கும் ஒலி கேட்டது. ஓடினான். அங்கே தயானி கைகளை விரித்து, சேம்புப் பாத்திக்கு முன்னால் வழியை மறித்து நின்றாள்.

“இப்பப் பாக்கக் கூடாதுங்க. பெரியப்பா வந்துதான் தொறந்து காட்டணும்.”

அவளை மெல்ல விலக்கி, பாத்திமேல் கிடந்த சிவப்புத் துணியை இழுத்தான். சந்தனமும் குங்குமமும் பூசி, செவ்வந்தி மாலை சாத்தப்பட்ட புத்தம்புதிய பைப்பு ஒன்று அங்கே வீற்றிருந்தது. அதன் வாய் திறந்தே கிடந்தது. சேறு சொட்டிக்கொண்டிருந்தது.

“ஊருக்கே தண்ணி கொண்டாந்தவரு” என்றார் மூச்சிரைக்க வந்து சேர்ந்த நல்லையா. “மொதத் தண்ணி ஒங்க வீட்லதான் விழணும்னு கமிட்டில முடிவு பண்ணினோம். அதான் தொறந்தே வச்சிருக்கு. கிளைக்கும் ரெண்டு அங்குலமே போட்டோம். கஞ்சத்தனமே பண்ணல.”

“கஞ்சத்தனம் பண்ணியிருக்கலாமே மாமா!” என்று கத்தினான் விஜேந்திரன். “பெரிய வாயத் தொறந்து வச்சா பன்னி அங்கதானே போகும்? அதுக்கென்ன லயத்துக்கு வழி தெரியுமா? அர அங்குலமா இருந்தாலாச்சும் நுழையாம நேராப் போயிருக்கும்!”

சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டான் என்பது அடுத்த கணமே விளங்கிற்று.

“அப்ப அர அங்குலம்னா வைக்கலாமா?” என்றாள் லெட்சுமி. “எங்க வீட்டுக்கும் ஒண்ணு வச்சிருங்க.”

“எங்க தக்காளிப் பாத்திக்கு” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இன்னொரு குரல் மாட்டுப் பட்டிக்குக் கேட்டது.

“அத்தன வாய் வச்சா அழுத்தம் எங்க இருக்கும்? பன்னி அசையவே அசையாது! பைப்பு அடைச்சு, பழையபடி எல்லாரும் பீலிக்குத்தான் போகணும்!”

“அப்ப ஒங்க வீட்டுக்கு மட்டுந்தானா தம்பி?” என்று கேட்டாள் லெட்சுமி. அவள் குரலில் இப்போது சிரிப்பு இல்லை.

விஜேந்திரன் பாத்தியைத் திரும்பிப் பார்த்தான். ஒரேயொரு சிறிய கிளையைக் குழாய்த் தொழிலின் விதி தாராளமாக அனுமதிக்கும். எதிரே தயானி இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். அவளுடைய கால்கள் வீங்கியிருந்தன. கத்தாரில் எத்தனையோ பேருடைய வரைபடங்களைத் தயங்காமல் சிவப்பு மையால் அடித்தவனுக்கு, இந்தச் சேம்புப் பாத்தியை அடிக்கக் கை எழவில்லை.

அவன் பையிலிருந்து குழாய் அறுக்கும் ஹெக்சோ வாளை உருவியவள் தயானி.

“தள்ளுங்க.”

“தயானி, ஒனக்காகத்தான்…”

“எனக்காகன்னா இத எடுத்துருங்க. நீங்க நாளைக்கு பஸ் ஏறிப் போயிருவீங்க. இது இங்க இருந்தா தெனமும் இவங்ககிட்டப் பேச்சு வாங்குறது நான். பீலிக்கு நடந்தவளுக்கு லயத்து வாசலுக்கு நடக்கத் தெரியாதா?”

அவள் குனிய முடியாமல் குனிவதைக் கண்டு, வாளைப் பிடுங்கித் தானே அறுத்தான். பன்றி பாதி கிளைக்குள்ளும் பாதி நேர்க்குழாயிலுமாகச் சேற்றோடு சுருண்டு, இரண்டையும் அடைத்துக் கிடந்தது. கிளை பிரிந்த மூன்று வாய் இணைப்பை அறுத்தெடுத்து, அங்கே நேர்க்குழாயை ஒட்டினான். பசை காய வேண்டும் என்று சொல்லி முடிப்பதற்குள் நல்லையா குந்தியிருந்து ஊதத் தொடங்கிவிட்டார்.

“மாமா, ஊதாதீங்க.”

“ஒங்களுக்கு அவசரம்னுதானே மாப்புள.”

பசை காய்ந்தபின் மீண்டும் பன்றியைச் செருகி வால்வைத் திறந்தார்கள். இம்முறை குழாய் உறுமிற்று. ஒரு வண்டிச் சேற்றைத் துப்பிற்று. கடைசியில் பன்றி பாய்ந்து வந்து, கூடையைத் தவறவிட்டு, நல்லையாவின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அதன் பின்னால் தெளிந்த நீர் வந்தது. தயானி முதற் குடத்தை வைத்தாள். யாரும் முந்தவில்லை. லெட்சுமியே அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்த் தயானி வீட்டில் வைத்துவிட்டு வந்தாள்.

நல்லையா செவ்வந்தி மாலையை உதறி, வீணாக்கக் கூடாது என்று விஜேந்திரனின் கழுத்தில் போட்டார். போட்ட கையோடு காதருகே குனிந்தார்.

“மாப்புள, கோயிலுக்கு மட்டும் ஒண்ணு. சாமி காரியம். ரெண்டு அங்குலம்…”

விஜேந்திரன் ஈர மாலையோடு நடந்து போய், ஹெக்சோ வாளைத் தயானியின் கையில் கொடுத்தான்.

“இத நீ வச்சுக்க.”

அவள் அதைத் துடைத்து, வாசலில் நின்றாலே எல்லாருக்கும் தெரியும்படி, கதவு நிலைக்கு மேலே ஆணியில் மாட்டினாள்.