பதினொரு வாசகர்களும் முப்பத்தெட்டு மதிப்பெண்ணும்

1

இந்தக் கதை ஒரு கட்டுரை நோட்டுக்குள் கிடந்தது. திடீரென்று பொறி தட்டியது, பல வருடம் மனதில் ஊறிக் கிடந்தது என்றெல்லாம் சொல்லிக்கொள்ள ஆசைதான். நடந்தது அதுவல்ல. வகுப்புத் தலைவியின் நோட்டைத் திருத்த எடுத்தபோது நான்காக மடித்த ஒரு தாள் கீழே விழுந்தது. அதை [நான்] ஆசிரியை எடுத்துப் பிரித்தாள்.

(அடைப்புக்குறிக்கு ஒரு விளக்கம். "சொந்தக் கதையை எழுதும்போது 'நான்' என்று ஆரம்பிக்காதீர்கள், கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்" என்று பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவள் அவள். சொன்னவளே மீறினால் நன்றாக இருக்காது. இனி கதை முழுக்க அவள் ஆசிரியைதான்.)

2

முதல் தொடக்கம்: "ஆசிரியர் அறையின் மின்விசிறி, அவள் மனதைப் போலவே, சுழன்று சுழன்று—"

வேண்டாம். இதையே ஒரு மாணவி எழுதியிருந்தால் ஆசிரியை ஓரத்தில் 'அருமை' என்று போட்டு இரண்டு மதிப்பெண் கூடக் கொடுத்திருப்பாள்.

இரண்டாவது தொடக்கம்: "அவள் ஓர் எழுத்தாளர்."

முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவளுக்கு ஒரு வலைப்பூ இருந்தது. மூன்று வருடமாக வாரம் ஒரு பதிவு. இந்த வருடம் ஒவ்வொரு பதிவுக்கும் தவறாமல் பின்னூட்டம் போடும் வாசகர்கள் பதினொரு பேர். எல்லாருக்கும் புனைபெயர். அவர்கள் எங்கெங்கோ, கடல் தாண்டியெல்லாம் இருப்பார்கள் என்று ஆசிரியை நம்பினாள். சிலரிடம் அவளுக்குக் கொஞ்சம் கூச்சம்கூட உண்டு. வகுப்பிலும் அடிக்கடி அவர்கள் பேச்சு வரும்.

"என்னை வாசிக்கறவங்க யாருக்கும் என்னைத் தெரியாது. இருந்தும் வாராவாரம் வர்றாங்க. எழுத்துன்னா அதுதான்."

பிள்ளைகள் தலையாட்டினார்கள். ரொம்பவே நன்றாகத் தலையாட்டினார்கள். அதிலாவது அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆசிரியர் அறையில் கணக்கு சார் மட்டும் கேட்டார். "மொத்தம் எத்தனை பேர் டீச்சர்?"

"பதினொன்னு."

"பரவால்லையே. ஒரு டீம் தேறும்."

3

தாளின் தலைப்பு: 'டீச்சர் பிளாக் – கமெண்ட் முறை'. கீழே கட்டம் போட்டு பதினொரு புனைபெயர்கள், ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரு மாணவியின் பட்டப்பெயர். அதற்கும் கீழே விதிகள். மூன்று வரிக்குக் குறையக் கூடாது. 'ஆழமான' என்ற சொல் ஒரு தடவையாவது வர வேண்டும். பதிவிலிருந்து ஒரு வரியை எடுத்துப் போட்டால் படித்த மாதிரி இருக்கும். நோட்டு திருத்தும் வாரம் யாரும் டிமிக்கி கொடுக்கக் கூடாது.

சுருக்கமும் தெளிவும் உள்ள எழுத்து. அந்த வருடம் அவள் வகுப்பில் எழுதப்பட்டவற்றிலேயே உருப்படியானது இதுதான் என்பது ஆசிரியைக்கு உடனே தெரிந்துவிட்டது. பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மதிப்பெண் பதிவேட்டைப் புரட்டினாள். பதினொரு பேருக்கும் எழுபதுக்கு மேல். போன வருடம் அதே பிள்ளைகள் ஐம்பதில் தள்ளாடிக்கொண்டிருந்தவர்கள்.

(நீங்கள் அவளைத் திட்டுவதற்கு முன்: தெரிந்து செய்யவில்லை. சனிக்கிழமை பின்னூட்டம் படித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நோட்டு திருத்துவது அவள் வழக்கம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு உலகமே நல்லதாகத் தெரியும். அவ்வளவுதான்.)

கட்டத்தில் பன்னிரண்டாவதாக ஒரு பட்டப்பெயர் எழுதி அடிக்கப்பட்டிருந்தது: 'ஜன்னல்'. பக்கத்தில், 'மாட்டேங்கறா. தனக்கா தோணினாத்தான் எழுதுவாளாம்.'

4

அந்தப் பதினொரு பேரைத் தவிர, எப்போதாவது எட்டிப் பார்க்கும் ஒரு ஆள் உண்டு. பெயரே போடாத ஆள். அம்மாவின் அறுவை சிகிச்சை பற்றி ஆசிரியை உருகி எழுதிய பதிவுக்குக் கீழே அந்த ஆள் எழுதியது இது:

"மூணு தடவை அழறீங்க. முதல் தடவையே நம்பிட்டோம்."

ஆசிரியை இரண்டு நாள் கொதித்தாள். மூன்றாம் நாள் இரண்டு அழுகையை வெட்டினாள். வெட்டிய பிறகு அந்தப் பதிவை ஒரு பத்திரிகை கேட்டு வாங்கிப் போட்டது. அந்த வரியை அவள் கரும்பலகையில் எழுதி, "இப்படிப் படிக்கக் கத்துக்கோங்க" என்று வகுப்புக்கே பாடம் எடுத்தாள்.

இப்போது அடிபட்ட பெயரைப் பார்த்ததும், தோன்றினால் மட்டும் எழுதும் அந்த ஆள் இவள்தானோ என்று பதிவேட்டைத் திரும்ப எடுத்தாள். ஜன்னலுக்கு அவள் போட்டிருந்த மதிப்பெண் முப்பத்தெட்டு. நாற்பதுக்குக் கீழே வாங்கினால் அடுத்த வருடம் எழுத்து வகுப்பில் இடம் கிடையாது, தட்டச்சுப் பிரிவுக்குப் போக வேண்டும். பட்டியல் மறுநாள் மூன்றாம் பாடவேளைக்கு மணி அடிப்பதற்குள் தலைமையாசிரியர் மேசையில் இருக்க வேண்டும்.

5

இங்கே பாத்திரத்தைப் பற்றி ஒரு சந்தேகம். ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும், யாரும் கண்டுகொள்ளாத, திறமையுள்ள, அமைதியான பெண். இப்படி ஒருத்தி எல்லாக் கதையிலும் வருகிறாள். எனக்கே அலுப்பாக இருக்கிறது.

உண்மையான ஜன்னலுக்கு வாய் மூடாது. நகம் கடிப்பாள். அறிவியல் வீட்டுப்பாடத்தைக் காலையில் பார்த்து எழுதுவாள். ஜன்னலோரம் இடம் பிடித்தது காற்றுக்காக. 'என்னால் மறக்க முடியாத நாள்' என்ற தலைப்புக்கு ஒன்றரைப் பக்கம் எழுதச் சொன்னபோது அவள் எழுதியது இவ்வளவுதான்:

"அன்று அப்பா வேறு வீட்டுக்குக் குடிபோனார். போகும்போது தன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். தம்பி ரொம்ப நாளாகத் தனக்கென்று ஒரு சாவி கேட்டுக்கொண்டிருந்தான். அதை எடுத்துக்கொள் என்று அம்மா சொன்னாள்."

கீழே சிவப்பு மையில் ஆசிரியை: 'வர்ணனை இல்லை. உணர்ச்சி போதாது. முடிவுரை எங்கே? அளவு!!'

அந்த இரண்டு ஆச்சரியக்குறிகளை எடுத்துவிடலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும், போட்டவள் அனுபவிக்கட்டும்.

6

மறுநாள் இரண்டாம் பாடவேளை முடிந்து இடைவேளை விட்டதும் ஆசிரியை அவளை நடைபாதையில் நிறுத்தினாள். கையில் அந்தக் கட்டுரைத் தாள்.

"பேர் போடாம எழுதற ஆளு நீதானே?"

"எங்க டீச்சர்?"

"என் பிளாக்ல. மூணு தடவை அழறீங்கன்னு எழுதினது."

"ஐயோ, நான் இல்ல டீச்சர். நான் உங்க பிளாக் படிச்சதே இல்ல. போர்டுல எழுதிப் போட்டீங்களே, அப்பத்தான் பார்த்தேன்."

இங்கே கதைக்கு இரண்டு வழி இருக்கிறது. அவள் பொய் சொல்கிறாள்: ஆசிரியை புரிந்துகொண்டு, கண் கலங்கி, அறுபது போடுகிறாள். அவள் உண்மை சொல்கிறாள்: ஆசிரியை பெருமூச்சு விட்டு, முப்பத்தெட்டை அப்படியே விடுகிறாள். இரண்டையும் எழுதிப் பார்த்தேன். முதலாவது வலைப்பூவுக்கு நன்றாக இருக்கும், பதினொரு பேரும் 'ஆழமான பதிவு' என்பார்கள். ஆனால் இரண்டு வழியிலும் தாளில் இருப்பது அதே நான்கு வரி. அவள் வலைப்பூவைப் படித்தவளா இல்லையா என்று பார்த்து மதிப்பெண் போடுவதென்றால், விதிகளை ஆசிரியையே எழுதிக் கொடுத்திருக்கலாம், வகுப்புத் தலைவிக்கு வேலை மிச்சம்.

ஆசிரியைக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் ஆசிரியர்கள் பெருந்தன்மை காட்டுவார்கள்.

"சரி, போகட்டும். இதையே இன்னும் பத்து வரி சேத்து எழுதிக் குடு. நாப்பது போட்டுடறேன்."

ஜன்னல் தாளை வாங்கிக்கொண்டாள். சுவரில் வைத்துப் பிடித்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றினாள். நான்கு வரியையும் ஒரு தடவை படித்தாள். பிறகு திரும்பினாள்.

"எதைச் சேக்கணும் டீச்சர்?"

கேள்வியில் திமிர் இல்லை. எழுதத் தயாராகத்தான் நின்றாள். அவளுக்கு எழுத்து வகுப்பு வேண்டும்.

"வந்து... அப்பா கிளம்பும்போது வானம் எப்படி—"

"சரி, அதை விடு. அந்த நேரத்துல உன் மனசுல என்ன—"

"தம்பி அந்தச் சாவியை வாங்கினதும்—"

மூன்று வாக்கியமும் அப்படி அப்படியே நிற்கின்றன. முடித்துப் பார்த்தேன். மூன்றும் அந்த நான்கு வரியைக் கெடுத்தன.

7

பட்டியலில் அந்த ஒரு கட்டம் மட்டும் பென்சிலில் இருக்கிறது. மூன்றாம் மணி அடிக்கப் பத்து நிமிடம். அவள் இன்னும் சுவரோரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், ஆசிரியை சொல்லுவாள் என்று நம்பி.

எதைச் சேர்க்கலாம் என்று உங்களுக்குத் தெரிந்தால் சீக்கிரம் சொல்லுங்கள். ஒன்றும் சேர்க்க வேண்டாம் என்பதுதான் உங்கள் பதில் என்றால், இதுவரை சேர்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பிய பதினாறு வருடத்துப் பிள்ளைகளிடம் அதை யார் போய்ச் சொல்வது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.