நிஜாம் நோட்டுக்கு வைத்த மஞ்சள்

“ஈரத்துணியை வச்சா தொடச்சே? காகிதத்தையா, ஏட்டி, காகிதத்தையா—”

“நீங்க போட்ட சத்தத்துல கையில கிடைச்சதை எடுத்தேன். போயிரும்னு நெனச்சு—”

“எங்க போச்சு? பரவிட்டுல்லா!”

“கத்தாதீங்க. பக்கத்து கோலி வீட்டுக்காரங்களுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும். கேட்டுட்டுப் போகட்டும்.” ஆனாலும் பூலோகத்தின் குரல் தானாகவே தாழ்ந்தது.

சாமி படங்களுக்கு முன்னால் எவர்சில்வர் தட்டு. தட்டில் ஹைதராபாத் நிஜாம் காலத்து நூறு ரூபாய் நோட்டு. நான்கு மூலையிலும் குழைத்த மஞ்சள், அதன் நடுவில் குங்குமம். துடைத்த மூலையில் மட்டும் இரண்டும் கலந்து, வெள்ளை ஓரத்தைத் தாண்டி உருது எழுத்துக்குள் இறங்கியிருந்தது.

“பிளாஸ்டிக் உறையில இருந்துச்சே. அதையுமா உருவினே?”

“உறைக்கு மேல வச்சா சாமிக்குப் போய்ச் சேருமா?”

“சாமி கேட்டுச்சா உங்கிட்ட?”

“ராத்திரி நீங்கதானே சொன்னீங்க, இது நம்ம வீட்டுக்குள்ள வந்ததே பெரிய விஷயம்னு?”

“வந்துச்சுன்னு சொன்னேன். வாங்கிட்டேன்னா சொன்னேன்?”

“வீட்டுக்குப் புதுசா வந்த பணத்தை வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வச்சுக் கும்பிடுதது நமக்குப் பழக்கம்தானே. உங்க போனஸுக்கு வைக்கலையா? அப்ப மட்டும் கைகூப்பிக்கிட்டு நின்னீங்க.”

“அந்த நோட்டை மஞ்சளோட குடுத்தாலும் கடைக்காரன் வாங்குவான். இதை எவன் வாங்குவான்?”

அவன் மனைவி தங்கமயில் முந்தானையால் கையைத் துடைத்தாள். விரலிலும் மஞ்சள் போகவில்லை.

பூலோகம் பம்பாய் குர்லாவில் லேத் ஓட்டுகிறவன். வாரமெல்லாம் இரும்பு, ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் பழைய சமஸ்தானங்களின் காகிதப் பணம். சேர்ப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் சயனில் ஒரு டீக்கடை மாடியில் கூடுவார்கள். டாக்டர் உண்டு, வக்கீல் உண்டு, பழைய பேப்பர் வியாபாரியும் உண்டு. ஒருவர் நோட்டை இன்னொருவர் வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாக ஒப்பிட்டுப் பார்க்கலாம். எழுத்தும் கிடையாது, சாட்சியும் கிடையாது. அவனிடம் இருக்கும் நிஜாம் நோட்டின் கையெழுத்து அசல்தானா என்று அவனுக்குச் சந்தேகம். அதைத் தீர்த்துக்கொள்ளத்தான் அந்தக் கூட்டத்தில் ஒருவரான ஷேக் பரீத் தன் நோட்டைக் கொடுத்திருந்தார். அதை வாங்கிப் போக இப்போது வந்துகொண்டிருக்கிறார்.

“பாய் நல்ல மனுஷன்” என்றாள் தங்கமயில். “நாந்தான் செய்தேன்னு நானே சொல்லுதேன்.”

“அவரு மன்னிச்சிருவாரு. ஞாயித்துக்கிழமை விஷயம் வெளிய வராம இருக்குமா? அதுக்குப் பிறகு எவன் ஆல்பத்தை என் முன்னால விரிப்பான்? லேத்துக்காரன் கையில குடுத்தா இப்படித்தான்னு அந்த வக்கீல் சொல்லுவாரு. சொல்றதுக்காகவே காத்துக்கிட்டு இருக்காரு.”

பூலோகம் பீரோவைத் திறந்து தன் ஆல்பத்தை எடுத்தான். அவனிடம் உள்ளவற்றில் சிறந்தது அந்த ஒன்றுதான். அதே நிஜாம், அதே நூறு, மடிப்பில்லை, ஊசித்துளை இல்லை. ராத்திரி ஒப்பிட்டதில் கையெழுத்தும் சரியாக இருந்தது. உருவினான். பரீத்தின் உறைக்குள் செருகி, அவர் கொண்டுவந்த இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, அவருடைய ரப்பர் பேண்டையே போட்டான்.

“என்னங்க செய்தீங்க?”

“ஒண்ணுக்கு ஒண்ணு. அவருக்கு என்ன நஷ்டம்? நஷ்டம் எனக்கு.”

“நம்பரு வேற வேறல்லா?”

“நம்பரை யாரு மனப்பாடம் பண்ணி வச்சிருக்கா? நீ வாயைத் திறக்கக் கூடாது. பிள்ளைங்க மேல சத்தியமா.”

“பிள்ளைங்களை எதுக்கு இழுக்கீங்க?”

இரும்பு ஏணிப்படி அதிர்ந்தது. தங்கமயில் தட்டின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள்.

“பூலோகம், இருக்கியாப்பா? இந்த ஏணிக்கு நீ ஒரு டிக்கெட் போடலாம். ஏறி வந்தவன் மலையேறின மாதிரி சந்தோஷப்படுவான்.”

ஷேக் பரீத்துக்கு எழுபது தாண்டியிருந்தது. மேலப்பாளையத்துக்காரர். மூச்சு வாங்க, நாற்காலியில் உட்கார்ந்து தொப்பியை எடுத்து விசிறிக்கொண்டார்.

“என்ன தங்கச்சி, முகம் ஒரு மாதிரி இருக்கு? இவன் காகிதத்தைக் கட்டிக்கிட்டு உன்னைக் கவனிக்க மாட்டேங்கானா?”

“அதெல்லாம் இல்லைண்ணே. டீ போடுதேன்.”

“சக்கரை கொஞ்சமா. சரி, கையெழுத்துப் பொருந்திச்சாப்பா?”

“பக்கா பொருந்திச்சு, பாய்.” பூலோகம் அட்டையை நீட்டினான்.

பரீத் திறந்து பார்க்கவில்லை. சட்டையின் உள்பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

“பாத்துக்கிடுங்க பாய்.”

“உங்கிட்ட வாங்கி நான் எதைப் பாக்க? அரே, நீ குடுத்ததைப் பிரிச்சுப் பாத்தா, அன்னைக்கே நான் இந்த ஆட்டத்தை விட்டுரணும்.”

தங்கமயில் டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“இங்கேருந்து நேரா செம்பூர்” என்றார் பரீத். “பத்மஜா மேடம் இதைக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. போன வாரமே போட்டோ அனுப்பி, விலை பேசி முடிச்சாச்சு.”

பூலோகம் அவருடைய உள்பையைப் பார்த்தான். “போட்டோவா?”

“முன்னாடி பின்னாடி ரெண்டும். நம்பரைக் குறிச்சு வச்சிருப்பாங்க. பொருத்திப் பாக்காம அந்தம்மா தொடவே தொடாது. பேராசிரியைல்லா.”

தங்கமயில் பம்ப் ஸ்டவ்வை அணைத்தாள்.

“அண்ணே, நம்பரு ஒண்ணு மாறி இருந்துச்சுன்னா என்ன சொல்லுவாங்க?”

பூலோகம் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

பரீத் சிரித்தார். “என்ன சொல்லுவாங்க? காட்டினது ஒண்ணு, கொண்டாந்தது ஒண்ணு, கிழட்டு ஃபோர் ட்வென்டி, ஏமாத்துக்காரன்னு சொல்லுவாங்க. அதோட சரி. பம்பாயில எவனும் எனக்குக் கதவு திறக்க மாட்டான். நீயும் இந்தக் காகிதப் பைத்தியத்துல சேந்துட்டியா தங்கச்சி?”

“சும்மா கேட்டேன்.”

“டீ நல்லா இருக்கு. இவன் குடுத்து வச்சவன்.”

பரீத் எழுந்தார். பூலோகமும் எழுந்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தவன், “ஏணியில பாத்து இறங்குங்க பாய்” என்று மட்டும் சொன்னான்.

“இறங்கறது சுலபம்ப்பா.” செருப்பை மாட்டிக்கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பிடித்தார். முதல் படி அதிர்ந்தது.

தங்கமயில் கணவன் பக்கத்தில் வந்து நின்றாள். மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“வாயைத் திறக்கக் கூடாதுன்னு நீங்க சொன்னது எனக்கு. உங்களுக்கு இல்ல.”

இன்னொரு படி அதிர்ந்தது. இன்னும் ஒன்று. பூலோகம் வாசலுக்கு வந்தான். கீழே ஏணியின் பாதியில் வெள்ளைத் தொப்பி தெரிந்தது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தோடு நின்று மேலே பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை.

“பாய், நில்லுங்க. உங்க சட்டைக்குள்ள இருக்கது என் நோட்டு. உங்களுது உள்ள கெடக்கு, என் கையில கெட்டுப்போச்சு.”