கங்காணியம்மாவின் சத்தம்

நாலு நாளாய் விடாமல் பெய்துகொண்டிருந்த மழைக்குள் நின்றபடி ரோசலின் ஊற்றுத் தண்ணீர் விழாத வெறும் பீலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாளி பாதிதான் நிரம்பியிருந்தது. தண்ணீர் முதலில் செம்மண் நிறத்தில் வந்தது, பிறகு நூலாய் இளைத்தது, பிறகு நின்றேவிட்டது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறபோது மலை ஊற்று நிற்கிறதென்றால் அந்தத் தண்ணீர் எங்கே போகிறது? மலைக்குள் போகிறது. இதைச் சொல்ல இரத்தினபுரியிலிருந்து மண்சரிவு ஆபீசர்கள் வரவேண்டியதில்லை. ஐம்பத்துமூன்று வருடமாக இந்த மலையின் அடியிலேயே கிடப்பவளுக்கு அது தெரியும்.

வாளியை அப்படியே விட்டுவிட்டு லயத்து வீட்டு வரிசையின் பின்பக்கமாக மேலே ஏறினாள். நேற்று தேயிலைக்கு நடுவே ஒரு வெடிப்பைப் பார்த்திருந்தாள். நேற்று அது விரல் அகலம். இன்று குனிந்து கையை விட்டாள், முழங்கைவரை போயிற்று. உள்ளே காற்று சில்லென்றிருந்தது. சேசுவே என்று முனகினாள். மடியிலிருந்த போன் அடித்தது. கிராம சேவகர். எப்போதும் ஆற அமரப் பேசுகிற மனுஷன், இன்று மூச்சு வாங்கினார். “ரோசலின் அக்கே, ஒக்கொம தென்ம எலியட்ட யன்ன.” எல்லோரும் இப்போதே வெளியே போங்கள். சிங்களத்தில் இரண்டு தரம் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

கீழே இருப்பது பதினோரு வீடு. ஓடை தாண்டிப் பள்ளிக்கூடம் வரைக்கும் கொண்டுபோய்விட்டால் போதும், கால் மணி நேர நடை. ரோசலின் லயத்து வாசலில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். எழும்புங்க, வெளிய வாங்க, சட்டி பானையெல்லாம் அப்புறம் பார்க்கலாம், காது அடைச்சுப்போச்சா உங்களுக்கு. கத்துவது அவளுக்குப் புதிதல்ல. அந்தத் தோட்டத்தில் முதன்முதலாகக் கங்காணி வேலை கிடைத்த பெண் அவள்தான். மெதுவாகப் பேசினால் மலையில் ஒருத்தியும் நிமிர்ந்து பார்க்கமாட்டாள், மேலதிகாரி கண்டக்டரும் மதிக்கமாட்டார் என்று முதல் வாரமே முடிவுகட்டிக்கொண்டாள். ஆண் கங்காணிமார் போட்ட சத்தத்தை அப்படியே எடுத்துத் தன் தொண்டைக்குள் வைத்துக்கொண்டாள். அது பதினாறு வருடமாக அங்கேதான் இருக்கிறது. திருப்பலியில் பாட்டுப் பாடினால்கூட அதட்டுவதுபோல்தான் கேட்கும்.

மூன்றாவது வீட்டுக் காம்பராவின் வாசலில் ரொபர்ட் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தான். எழும்பவில்லை.

“போன வருசமும் ரெண்டு தரம் இப்பிடித்தான் கத்துனீங்க. ஓடுனோம். அஞ்சு நாள் கழிச்சு வந்து பாத்தா கோழி ஒண்ணும் இல்ல, மலை அப்பிடியே இருக்கு. இன்னிக்கு மழைன்னு வேலையும் இல்ல. இன்னிக்குமா விரட்டுறீங்க கங்காணியம்மா?”

உள்ளேயிருந்து யாரோ சிரித்தார்கள். புலி வருது கதைதான். அவள் இன்னும் கத்தினாள். கத்தக் கத்த இரண்டு கதவுகள் சாத்திக்கொண்டன. மழை நாளில்கூட இவளிடம் ஏச்சு வாங்கவேண்டுமா என்று அவர்கள் நினைத்தது சாத்திய கதவிலேயே தெரிந்தது. வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பார்கள். ரோசலினுடைய வாயால் பதினோரு குடும்பத்தை ஓடை தாண்ட வைக்க முடியவில்லை.

கைக்குழந்தையோடு நின்ற நிருஷா மட்டும் பதில் சொன்னாள். “சுப்பம்மா அத்த போனா நாங்களும் போறோம்.”

அதுதான் ரோசலின் பயந்த பதில். சுப்பம்மா கடைசிக் காம்பராவில் இருந்தாள், மலைக்கு முதுகு கொடுத்த காம்பரா. பதவியும் இல்லை, சங்கத்திலும் இல்லை. பிரசவ வலி வந்தால் அவளைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் சண்டை என்றால் இரண்டு பக்கமும் அவளிடம்தான் வந்து அழும். யாருக்கு எப்போது ஆறுதல் வேண்டும், யாரை எப்போது தனியே விடவேண்டும் என்பது அவளுக்குக் கேளாமலே தெரியும். அதனால் அவள் முகத்தைப் பார்த்துத்தான் லயம் ஒரு காரியத்தைச் செய்யும். புருஷன் கந்தையாவை அடக்கம் செய்து இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து ரோசலினிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேர் கூப்பிட்டால் கையைத் தூக்குவாள், அவ்வளவுதான். ஏன் இந்த வீம்பு என்று ரோசலினுக்கு விளங்கவில்லை. கந்தையா செத்த அன்று கண்டக்டர் தலைக்குமேல் நின்றும்கூட, பெண்களைப் பன்னிரண்டு மணிக்கே மலையிலிருந்து இறக்கி அனுப்பியவள் அவள்தான். மாலை வாங்கிக்கொண்டு தானும் போனாள். நன்றி கெட்டவள் என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தாள்.

சுப்பம்மாவின் கதவு திறந்தே கிடந்தது. சட்டம் முறுக்கிக்கொண்டதால் சாத்த முடியாமல் கிடந்தது. சுவர் அசைந்திருக்கிறது என்று அதைப் பார்த்ததும் ரோசலினுக்குத் தெரிந்தது. உள்ளே அடுப்பில் சோறு கொதிக்க, சுப்பம்மா பலகையில் உட்கார்ந்திருந்தாள்.

“சுப்பம்மா, எழும்பு. பீலி நின்னுபோச்சு.”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா ஒக்காந்திருக்க?”

“அவரும் அந்த மலையிலதான படுத்திருக்காரு. மலை வந்தா அவரும் வருவாரு. நா எங்க போறது.”

“பைத்தியமா ஒனக்கு? ஒன்னால பதினோரு குடும்பமும் மண்ணுக்குள்ள போகப்போகுது, எழும்புடி.”

சுப்பம்மா அடுப்பையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “அன்னிக்கும் இதே சத்தந்தான் கங்காணியம்மா.”

“என்னிக்கு?”

“அவரு போன அன்னிக்கு. சாவுத் தப்புச் சத்தம் கேட்டதும் பொண்ணுங்க கொழுந்துப் பைய எறக்கி வச்சாங்களாம். நீங்க சொன்னீங்களாம், செத்தவன் எங்க எழும்பி ஓடப்போறான், நெரைய முடிச்சிட்டுப் போங்கன்னு. நிருஷா வந்து சொல்லி அழுதுச்சு. நா அவரு கால் பெருவெரலக் கட்டிக்கிட்டு இருந்தேன், அப்பத்தான் சொன்னுச்சு.”

ரோசலினுக்கு அப்படி ஒரு வார்த்தை சொன்ன ஞாபகமே இல்லை. அந்த வெயில், கண்டக்டரின் முகம், பறித்து முடியாத தேயிலை நிரைகள் எல்லாம் ஞாபகம் இருந்தது. இது மட்டும் இல்லை. ஆனால் பொய் என்று சொல்ல நா எழவில்லை. அது அவளுடைய வாய்க்கு அளவெடுத்துத் தைத்த வார்த்தை. தினம் இப்படி எத்தனை சொன்னாள், அவை எந்தெந்த வீட்டில் யார் யார் நெஞ்சில் கிடக்கின்றன? இன்றைக்கே இந்த மண் வந்து மூடிவிட்டால் தன்னைப்பற்றி இந்த லயத்தில் மிஞ்சப்போவது அந்த ஒரு வரிதான் என்று தோன்றியது. மாலை வாங்கிப் போனதை யாரும் நினைக்கமாட்டார்கள். மலையைக் கண்டு பயந்ததைவிட அதற்குக் கூடுதலாகப் பயந்தாள்.

பின்சுவரில் எங்கோ ஒரு கல் நெறிபட்டது. கத்துவதற்காக ரோசலின் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“எனக்குப் பயமா இருக்கு சுப்பம்மா.” அது அவள் குரல்போலவே இல்லை. “மேல வெடிப்புல என் மொழங்கை போகுது. நீ சொல்றத நா சொல்லியிருப்பேன். எனக்கு ஞாபகங்கூட இல்ல. சொன்னதே மறந்துபோற அளவுக்கு இருந்திருக்கேன்.”

சுப்பம்மா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். வலி வந்த பெண்ணை எந்த நிலையில் இருக்கிறாள் என்று பார்ப்பாளே, அந்தப் பார்வை. எழுந்து, குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். புகைக்குள்ளிருந்து வாசலுக்கு வந்து, குரலை உயர்த்தாமலே கூப்பிட்டாள்.

“நிருஷா, புள்ளைய நல்லா சுத்திக்க. ரொபர்ட்டு, ஒங்க அம்மாவ முதுகுல போட்டுக்க. போறோம்.”

ஒன்றன்பின் ஒன்றாகக் கதவுகள் திறந்தன. யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. ரொபர்ட் குடித்த கோப்பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே ஓடினான். சுப்பம்மா திரும்பவும் காம்பராவுக்குள் போனாள். சுவரில் மாட்டியிருந்த கந்தையாவின் படத்தைக் கழற்றி, மழையில் கரைந்து வழியாமல் குங்குமப் பொட்டை முந்தானையால் ஒற்றித் துடைத்தாள். படத்தை ரோசலின் மடியில் வைத்தாள்.

“நா நிருஷா புள்ளையத் தூக்கணும், அவளுக்கு இன்னும் ஒடம்பு தேறல. இவர நீங்க கொண்டாங்க.”

ரோசலின் படத்தை நெஞ்சோடு அணைத்து தலையில் போட்டிருந்த பொலித்தீனை மேலே இழுத்துப் போர்த்திக்கொண்டு எழுந்தாள். எல்லோரையும் முன்னால் விட்டு, கடைசி ஆளாக இறங்கினாள். கண்ணாடி நெஞ்சில் சில்லென்று பட்டது. படியெல்லாம் தண்ணீர் ஓடியது, அதோடு சிறு கற்களும் வந்தன. பாதி தூரத்தில் பின்னால் லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம் கேட்டது. அது நிற்கவில்லை. ஓடுங்க என்று சொல்ல நினைத்தாள், மூச்சுத்தான் வந்தது. அவர்களாகவே ஓடினார்கள். அவளும் ஓடினாள், கால் வழுக்கியது.

இரண்டு முழங்காலும் சேற்றில் அடித்து விழுந்தபோது, ஊன்றிக்கொள்ள அவள் கை கீழே வரவில்லை. இரண்டு கையாலும் கந்தையாவைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தாள். முன்னால் குழந்தையோடு போய்க்கொண்டிருந்த சுப்பம்மா நின்று திரும்பினாள். மழை கந்தையாவின் முகத்தில் விழுந்து ரோசலினின் கைகள் வழியாக வடிந்தது, மேலிருந்து அந்தச் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது.