சாஃப்ட் வேணாம்

பிரபாகர் ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். மோட்டார் போட்டான். பல் விளக்கினான். பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிப் பாதியைக் காய்ச்சினான். மீதியைக் கிளிப் மாட்டி ஃபிரிட்ஜில் வைத்தான். காபி குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். மேல்தொட்டி வழிகிற சத்தம் கேட்டதும் மோட்டாரை நிறுத்தினான். ஒரு சட்டைக்கு இஸ்திரி போட்டான். மனைவி ஜாஸ்மின் போய் ஓராண்டு ஆகப் போகிறது. மந்தைவெளியின் அந்த இரண்டாம் மாடி வீட்டில் இந்த வரிசையில் ஒன்றுகூட முன்பின் ஆனதில்லை. எப்படி இருக்கிறாய் என்று யாராவது கேட்டால் "பரவாயில்லை" என்பான். பால் எப்படி இருக்கிறது என்று கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

அன்று வெள்ளிக்கிழமை. அடையாறு ஆபீசுக்கு லீவு சொல்லியிருந்தான். டயர் வாங்க வேண்டும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து டிராக்கில் அமெச்சூர் பைக் ரேஸ். ஆறு சுற்று. பிரபாகர் ஓட்டுவது நோவிஸ் பிரிவில். நோவிஸ் என்றால் புதியவன். அவன் நான்காவது வருடமாகப் புதியவன். ஒருவருக்கு ஒரு ஜோடி டயர்தான். சனிக்கிழமை பரிசோதனையில் அதன்மேல் பெயிண்ட் கோடு போட்டுவிடுவார்கள். அப்புறம் மாற்ற முடியாது. சாஃப்ட் என்பது இளகின ரப்பர்: சீக்கிரம் சூடேறும், தரையைப் பிடிக்கும், சீக்கிரம் தேய்ந்தும் போகும். மீடியம் சூடாகவே இரண்டு மூன்று சுற்று ஆகும், ஆனால் உழைக்கும். விஷயம் இவ்வளவுதான். இதை வைத்துக்கொண்டு மனிதர்கள் வருடக்கணக்காகச் சண்டை போடுகிறார்கள்.

பிரபாகர் வீட்டில் அந்தச் சண்டை இருந்ததில்லை. ஜாஸ்மின் ரப்பர் டெக்னாலஜி படித்தவள். பட்டினப்பாக்கத்து மீன்காரர் மகள் போய் நான்கு வருடம் ரப்பர் படித்ததை, அந்தத் தெரு இன்னும் பலூன் சம்பந்தப்பட்ட படிப்பாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது. கடையில் டயரைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பார்ப்பாள். "இது" என்பாள். அவன் வாங்கி மாட்டுவான். எதைத் தேடி அழுத்துகிறாள் என்று அவன் கேட்டதில்லை.

ஏழு மணிக்கு பெல் அடித்தது. மாமனார் மிக்கேல். விடியற்காலை மீன் ஏலத்தை முடித்துவிட்டு நேராக வந்திருந்தார். லுங்கி ஓரம் இன்னும் ஈரம். கக்கத்தில் ஒரு கட்டு அட்டைகள்.

"இன்னா மாப்ள, ரெண்டு தபா பெல்லு அடிச்சேன்."

"ஒரு தடவைதான் மாமா கேட்டுது."

"கீய இருந்து ஒரு கொரல் குடுத்தேன்ல, அதையும் சேத்துக்கோ."

மிக்கேல் பேச ஆரம்பித்தால் நடுவில் கால்புள்ளிகூடக் கிடையாது. பிரஸ்காரன் போட்டோவைக் கறுப்பாக்கியது, ஃபாதர் ஒற்றுப்பிழை திருத்தியது, வஞ்சிரம் வரத்து குறைந்தது எல்லாம் ஒரே வாக்கியத்தில் வந்தன. ஜாஸ்மின் இருந்தவரை "நைனா, மூச்சு வுடு" என்பாள். அவர் ஒரு மூச்சு விட்டுவிட்டுத் தொடர்வார்.

அட்டையை நீட்டினார். ஜாஸ்மின் படம். கீழே, ஞாயிறு மாலை ஐந்தரைக்கு சாந்தோமில் நினைவுத் திருப்பலி. அதற்கும் கீழே, பூ வரைந்த கட்டத்துக்குள்: "மென்மை வேண்டாம், மனவுறுதி கொள்ளுங்கள். ஜாஸ்மின் மொழிந்த இறுதி வார்த்தை."

"எப்டி கீது?"

"பரவாயில்லை மாமா."

"பரவால்லியா? ஃபாதருக்கே கண்ணு கலங்கிப்போச்சி. நானூறு அடிச்சிக்கிறேன்."

ஜாஸ்மின் டெங்குவில் போனாள். நாலே நாள். இவன் ரேஸ்காரன் என்பதால் துக்கம் கேட்க வந்தவர்களில் பாதிப்பேர் "வண்டியிலயா?" என்று கேட்டார்கள், கொசு என்றதும் கொஞ்சம் ஏமாந்தார்கள். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மிக்கேல் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா இன்னா சொல்லிச்சி?" என்று கேட்டார். பிரபாகருக்கு வாயில் வந்தது இதுதான்: "சாஃப்ட் வேணான்னா."

அது போதுமாக இருந்தது. மனசைச் சாஃப்ட்டாக வைத்துக்கொள்ளாதே, தைரியமாக இரு என்று மகள் தனக்குச் சொல்லிவிட்டுப் போனதாக மிக்கேல் எடுத்துக்கொண்டார். ஃபாதர் அதைக் கோவில் தமிழில் எழுதிக் கொடுத்தார். கூட ரேஸ் ஓட்டும் பரத்வாஜ், அது டயரைப் பற்றியது என்று சத்தியம் செய்தான்: "உயிர் போற நேரத்துல எந்த ரப்பர் காம்பவுண்ட்னு சொல்லிட்டுப் போயிருக்காங்கடா அண்ணி. மீடியம்தான் போடணும் நீ." பிரபாகரின் அம்மா கெங்கம்மா மட்டும், "கஞ்சிய வேணான்னு சொல்லிருக்கும்டா" என்றாள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. சரியாகச் சொன்னது அவள்தான்.

பிரபாகர் யாரையும் திருத்தவில்லை. திருத்தினால் அடுத்த கேள்வி வரும்.

திருத்தாமல் இருந்ததற்கும் பலன் இருந்தது. அக்டோபரில், மழை பெய்து குளிர்ந்திருந்த ஒரு காலையில், பரத்வாஜின் பேச்சைக் கேட்டு மீடியத்தில் பயிற்சிக்கு இறங்கினான். டயர் சூடாகுமுன் இரண்டாவது வளைவு வந்துவிட்டது. விழுந்ததில் வலது தோளின் காறையெலும்பில் விரிசல். "இன்னொரு முறை அதே இடத்துல விழுந்தா பிளேட் வைக்கணும். அதோட ரேஸை மறந்துடுங்க" என்றார் டாக்டர். மிக்கேல் சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். "ஜாஸ்மின்தான் காப்பாத்திச்சி. சாஃப்ட் போட்டுக்கினு போயிருந்தா தலையே போயிருக்கும்" என்றார்.

ரேஸை மறப்பது பெரிய காரியமில்லை என்று பிரபாகர் ஆஸ்பத்திரிப் படுக்கையில் யோசித்துப் பார்த்தான். மறந்தால் ஞாயிற்றுக்கிழமையும் ஐந்தே முக்காலுக்கு எழுந்து, மோட்டார் போட்டு, மோட்டாரை நிறுத்தி, அதோடு தீர்ந்தது. அந்த ஆறு சுற்றில் மட்டும்தான் அவனுக்குப் பயம் என்று ஒன்று வந்தது. வேறு எதுவும் வராதபோது அதை விட மனசில்லை.

"சிந்தாதிரிப்பேட்டைக்கா போற? என்னையும் இஸ்துகினு போ. மீன் மார்க்கெட்டுல நாலு பேருக்கு கார்டு குடுக்கணும்" என்று மிக்கேல் பின்னால் ஏறிக்கொண்டார். லஸ், ராயப்பேட்டை, மவுண்ட் ரோடு வழியெல்லாம் பேசினார். ஹெல்மெட்டுக்குள் பிரபாகருக்குப் பாதி கேட்டது. பாதியே நிறைய இருந்தது.

சுயம்புலிங்கம் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்கு ஊதுவத்தி கொளுத்திக்கொண்டிருந்தார். நாசரேத் பக்கத்துக்காரர். அரை ஆள் அகலக் கடை; ரேஸ் டயர் வேண்டுமென்றால் ஊரில் பாதிப்பேர் அவரிடம்தான் வருவார்கள். அவர் ஒரு ரேஸையும் பார்த்ததில்லை. திரும்பி வருகிற டயர்களைப் பார்த்தே யார் எப்படி ஓட்டினான் என்று சொல்லிவிடுவார்.

"வாங்க தம்பி. தோள்பட்டை எப்படி இருக்கு?"

"பரவாயில்லை அண்ணாச்சி."

"ஒங்க சைசுல சாஃப்டு ஒரு ஜோடி, மீடியம் ஒரு ஜோடி. அவ்வளவுதான் நிக்கி. பரத்வாஜ் தம்பி சாஃப்டு கேட்டு போன் அடிச்சாவ, பத்து மணிக்கு வாரேன்னு. நான் எடுத்து வைக்கேன்னு சொல்லல. மொதல்ல வாரவுகளுக்குத்தான்."

"பரத்வாஜா? சாஃப்டா?"

"ஆமா. பெறவு? மார்கழிப் பனி, காலை எட்டு மணி, ஆறு ரவுண்டு. மீடியம் போட்டா அது முழிக்கதுக்குள்ள ரேஸே முடிஞ்சிரும். பச்சப் புள்ளகூடச் சொல்லுமே."

மிக்கேல் முன்னால் வந்தார். "அண்ணாச்சி, சாஃப்ட் பேச்சே எடுக்காதீங்க. எம்பொண்ணு கடைசி மூச்சுல சொல்லிட்டு போச்சி. இத்த படிங்க." அட்டையை நீட்டினார்.

சுயம்புலிங்கம் கண்ணாடி மாட்டிப் படித்தார். "நல்ல வாசகம்" என்றார். "மனுசனுக்கு நல்ல வாசகம். டயருக்குச் சரிப்படாது."

"அது மனுசனுக்கும் சேத்துத்தான் சொல்லிச்சி, டயருக்கும் சேத்துத்தான் சொல்லிச்சி. படிச்ச புள்ள. ஒரு வார்த்தைல ரெண்டையும் முடிச்சிடும்."

இரண்டு ஜோடியையும் சுயம்புலிங்கம் எடுத்துச் சாய்த்து வைத்தார். பிரபாகர் குந்தி உட்கார்ந்து நகத்தால் அழுத்தினான். மீடியத்தில் ஒன்றும் தெரியவில்லை. சாஃப்டில் ஒரு பிறை விழுந்தது. கொஞ்ச நேரம் நின்று மறைந்தது. இதற்குத்தானா, இவ்வளவுதானா என்று இருந்தது அவனுக்கு. கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாள். இடது கை தானாகப் போய்க் காறையெலும்பைத் தடவியது. மேடு இன்னும் இருந்தது.

மீடியம் வாங்கினால் மிக்கேலுக்குச் சந்தோஷம்; இரண்டாவது வளைவில் எலும்பு. சாஃப்ட் வாங்கினால் நானூறு அட்டையும் பொய்.

"சாஃப்டே குடுங்க அண்ணாச்சி."

"இன்னா மாப்ள!" மிக்கேலின் குரல் தெருவுக்குக் கேட்டது. "செத்த புள்ள வார்த்தைய மிதிக்கிறியா? நீயே சொல்லல? உன் வாயால சொல்லல?"

"சொன்னேன் மாமா. அது கஞ்சிக்குச் சொன்னது."

"இன்னாது?"

"அந்த ஆயாம்மா கஞ்சி கொண்டாந்தாங்க. சாஃப்ட் டயட்னு சீட்டுல எழுதியிருந்துது. சாஃப்ட் வேணாம், இட்லி குடுங்கன்னா. இட்லியும் சாஃப்ட்லதான்மா வரும்னு நர்ஸ் சொன்னாங்க."

மிக்கேல் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பிரபாகர் அவரை அறிந்த ஆறு வருடத்தில் இது முதல் தடவை.

"இட்லியா?" என்றார் கடைசியில்.

"ஆமா."

"அப்போ எம்பொண்ணு இட்லி கேட்டுகினேவா செத்துச்சி?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அதோடு முடிந்திருக்கும். இட்லி ஒன்றும் மோசமான கடைசி வார்த்தை இல்லை. ஆனால் ஒரு வருடம் ஒரு வார்த்தையைக் காவல் காத்ததில் பிரபாகருக்கு அலுத்துப்போயிருந்தது.

"இல்ல மாமா. அதுக்கு அப்புறமும் பேசினா."

மிக்கேல் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். சுயம்புலிங்கம் காற்றுக் குழாயைச் சுருட்டுகிற சாக்கில் உள்ளே போனார். குழாய் ஏற்கெனவே சுருட்டித்தான் இருந்தது.

"அன்னிக்கு சாய்ந்தரம் நான் வந்தேன்" என்றார் மிக்கேல்.

"வந்தீங்க."

"தூங்குது மாமா, அப்பால வாங்கன்னு வாசல்லயே சொல்லி அனுப்சே."

"ஆமா."

"நான் கீய போயி டீ குடிச்சிகினு இருந்தேன். அப்பால வந்தா..." லுங்கி ஓரத்தை முறுக்கினார். "தூங்கிச்சா?"

"இல்ல மாமா. முழிச்சுக்கிட்டுதான் இருந்தா."

"நீதான் என்னை வுடலியா?"

"நான் இல்ல."

பிரபாகர் அவள் சொன்னதைச் சொன்னான். முகத்தைப் பார்க்காமல், கையிலிருந்த டயரின் ஓரத்து எழுத்துகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதைச் சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடியதையும், அவர் படியிறங்கிய பிறகும் திறக்காததையும், ஏதோ விளையாட்டு என்று தான் கொஞ்ச நேரம் சும்மா இருந்ததையும் சொன்னான். சொல்லி முடிக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

மிக்கேலின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பிரபாகர் நினைத்தான். நிமிர்ந்து பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணி வந்தது. அவர் அதைத் துடைக்கவும் இல்லை, மதிக்கவும் இல்லை.

"அதான்" என்றார். "அதான் எம்பொண்ணு. மென்மை வேண்டாமாம், மனவுறுதியாம். எனக்கே சந்தேகம்தான் மாப்ள, இது எப்போ இப்டியெல்லாம் பேசக் கத்துக்கிச்சின்னு. ஃபாதராண்ட வெளிய சொல்லிக்கல."

"கார்டு?"

"குடுத்துர்றதுதான். நானூறு அடிச்சாச்சே." முகத்தை லுங்கியால் ஒருதரம் ஒற்றிக்கொண்டார். "அவங்களுக்கு அது. எனக்கு இது. இன்னொரு தபா சொல்லு. உன் கொரல்ல வேணாம், சாவு வூட்ல பேசற மாதிரி இழுக்கற நீ. அது எப்டி சொல்லிச்சோ அப்டியே, வெடுக்குனு சொல்லு."

பிரபாகர் டயரைக் கீழே வைத்தான். அப்படியே சொன்னான்.

"நைனா வந்தா நான் தூங்கறேன்னு சொல்லிடு. பேசிப் பேசியே சாவடிச்சிடும்."