விரிப்பின் மறுமுனை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மொட்டை மாடியிலிருந்து கிடைத்தது. வெளியூரில் தங்கியிருந்தபோது ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டிடத்து மாடியில் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்தார்கள். இருவரும் அவரவர் வலக்கை முனையை இடக்கைக்குக் கொண்டுபோனார்கள். எதிரெதிரே நிற்பவர்கள் அப்படிச் செய்தால் விரிப்பு மடியாது, முறுக்கிக்கொள்ளும். பிரித்தார்கள். மறுபடியும் முறுக்கு. ஒரு வார்த்தை பேசவில்லை.

சண்டை போட்ட புருஷன் பெண்டாட்டி என்று நினைத்தேன்.

"அது மௌன இல்லம் சார்" என்றார் விடுதிக்காரர். "வாழ்க்கைக்கு அர்த்தம் தேடி எங்கெங்கேயோ இருந்து வர்றாங்க. வாயே திறக்கக் கூடாது. அப்படி இருந்தா கடைசி நாள் அங்கே பதில் சொல்றவர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்கலாம்."

"பேசிட்டா?"

"பொட்டியைக் கட்ட வேண்டியதுதான்."

உண்மை இவ்வளவுதான். மீதி என் கைச்சரக்கு.

2

அந்த லாரி டிரைவரின் கண்களில் இனம்புரியாத சோகம் ஒன்று...

வேண்டாம். நான் பத்திரிகைகளில் எழுதும் தொடர்களில் சோகக் கண்கள் போதுமான அளவு உண்டு.

ஆண், லாரி டிரைவர். பெண், பல் டாக்டர். (பத்திரிகை ஆசிரியர் கேட்பார்: "ஏன்யா, டீச்சர்னு வெச்சா ஆகாதா?" ஆகாது. காரணம் வருகிறது.)

டாக்டர், கணவர் இறந்தபின் கிளினிக் ஷட்டரை இறக்கியவர். அடுத்தவர் வாய்க்குள் கையை விட்டாலே நடுங்கியது. அவர் கொண்டுவந்த கேள்வி: இனிமேல் எதற்காக? டிரைவரின் மகன் கோபித்துக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது. டிரைவரின் கேள்வி: நானே போய் வாசலில் நிற்கவா, அவனாக வரட்டும் என்று இருக்கவா?

இருவரையும் துணி துவைக்கும் வேலைக்குப் போட்டார்கள். முதல் நாள் விரிப்பு கயிறாய்த் திரிந்ததும், டிரைவர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு, நின்றுபோன லாரியை இழுப்பதுபோல் மூச்சுமுட்ட நடந்து காட்டினார். டாக்டர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார். கணவர் போனபிறகு முதல் தடவையாக

(பாதியில் விட்டேன். இதையெல்லாம் நான் சொல்லவேண்டுமா?)

சிநேகம் அப்படிப் பிடித்தது. பேர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் டாக்டருக்கு முதுகு வலிக்கிற நாளில் ஈரத்துணி வாளி தானாகவே மாடியேறியிருக்கும்.

3

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம். கதையில் பல் டாக்டரை வைத்தால் யாருக்காவது பல் வலித்தே தீரவேண்டுமா?

வலித்தது. டிரைவர் கன்னம் வீங்கி வந்து, ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினார். அடுத்த நாள் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. குடித்த தண்ணீர் கடைவாயில் ஒழுகியது. டாக்டர் விரிப்பைக் கீழே போட்டார்.

"வாயத் திறங்க."

"அய்யோ, பேசிட்டீங்களே!"

"நான் பல் டாக்டர். திறங்கன்னா!"

வெயில் விழும் பக்கம் முகத்தைத் திருப்பி, விரலை விட்டு ஈறை அழுத்திப் பார்த்தார்.

"சீழ் கழுத்துக்கு இறங்குது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

"இன்னும் ரெண்டே நாள்தாங்க டாக்டரம்மா. கேள்வியைக் கேட்டுட்டு..."

"கேக்கறதுக்கு ஆள் இருக்கணும்ல?"

பேசியது பேசியாயிற்று. டிரைவர் தன் கேள்வியைச் சொன்னார். டாக்டரும் தன்னுடையதைச் சொன்னார். அதற்குள் படியில் மேற்பார்வையாளரின் செருப்புச் சத்தம்.

"யார் பேசினது?"

"நான்தாங்க" என்றார் டிரைவர்.

"பொம்பளைக் குரல் கேட்டுச்சே?"

"பல்லு வீங்கினா எனக்குக் குரல் அப்படித்தான் ஆயிடுங்க."

டாக்டர் பேச வாயெடுத்தார். டிரைவர் அவர் பக்கம் பார்க்காமலே, பின்னால் வருகிற வண்டியை நிறுத்துவதுபோல் கையைக் காட்டினார்.

(மேற்பார்வையாளரை வில்லனாக்கி ஒரு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். அவரும் அந்தப் பக்கம் திரும்பித்தான் சிரித்தார்.)

அன்றைக்கே டிரைவர் ஆஸ்பத்திரிக்குப் போனார், பிழைத்துக்கொண்டார். அந்த விஷயத்தில் உங்களை இழுத்தடிக்க எனக்கு மனசில்லை. அவர் கேள்வி மட்டும் கேட்கப்படாமல் போயிற்று.

4

கடைசி நாள். டாக்டருக்கு ஒரே ஒரு கேள்வி உண்டு. கையில் இருப்பதோ இரண்டு.

முதல் முடிவில் தன் கேள்வியைக் கேட்கவைத்தேன். தப்பில்லை, அதற்காகத்தானே அவ்வளவு தூரம் வந்தார்? ஆனால் படித்தபோது, அவருக்காகப் பழியேற்றுப் போன டிரைவர் குறுக்கே வந்து நின்றார். இரண்டாவதில் டிரைவரின் கேள்வியைக் கேட்டார். ஆசிரியருக்குப் பிடிக்கும். எனக்குப் பிடிக்கவில்லை. என் தொடர்களில் பெண்கள் விட்டுக்கொடுத்ததெல்லாம் போதும்.

அடித்துவிட்டு, எழுதியதைத் திரும்பப் படித்தேன். மாடியில் டிரைவரின் வாய்க்குள் விரலை விட்டாரே, அப்போது கை நடுங்கியதாக நான் எழுதவே இல்லை. மறந்துபோய் விடவில்லை. அது நடுங்கவில்லை.

டாக்டர் அதைக் கவனித்தாரா? அதுதான் எனக்குத் தெரியவில்லை. கவனித்திருந்தால், கையில் மிச்சம் ஒரே ஒரு கேள்விதான்.

இதோ, அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டார். பதில் சொல்பவர் "கேளுங்கம்மா" என்கிறார். டாக்டர் தன் வலக்கையை ஒருமுறை புரட்டிப் பார்க்கிறார். வாயைத் திறக்கிறார்.

இந்த விரிப்பில் என் பக்கத்து முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். உங்கள் முனைகளைப் பிடித்தபடி நடந்து வாருங்கள். எந்தக் கையை முதலில் தூக்குவது என்று மட்டும் நாம் பேசி வைத்துக்கொள்ளவில்லை.