பழசு மேடத்தின் வகுப்புக்கு வந்த மாடிப்படி

இடிக்கவிருந்த பழைய பேருந்து நிலையத்தின் மாடிப்படி, ஒரு செவ்வாய்க்கிழமை காலை நகர வடிவமைப்புக் கல்லூரி வாசலுக்கு நடந்து வந்து சேர்ந்தது. காவலாளி அடையாள அட்டை கேட்டார். அது பேசாமல் நின்றதும், சரி தொலையட்டும் என்று கேட்டைத் திறந்துவிட்டார். யாரைப் பார்க்க வந்திருக்கும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அந்தக் கல்லூரியில் பழைய சாமான் எதுவானாலும் பழசு மேடத்துக்குத்தான்.

அது மாணவர்கள் கேலிக்கு வைத்த பெயர். காதில் விழுந்தபோது, பொருத்தமாகத்தான் இருக்கிறது என்று அவரும் சிரித்துவிட்டார். மற்ற வகுப்புகளில் புத்தம் புதுக் கண்ணாடியும் இரும்புமாக நகரங்களை வரைந்து தள்ளினார்கள். இவர் வகுப்பிலோ, இடிபடப்போகிற கட்டடத்திலிருந்து கழற்றக்கூடியதை மட்டும்தான் வரையலாம். ஒவ்வொரு பொருளும் எங்கிருந்து வருகிறது, இங்கே வேலை முடிந்ததும் எங்கே போகும் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். அப்படி எழுதாத கோடுகளை மேடமே ரப்பரால் அழித்துவிடுவார். எதற்கும் குப்பைமேடு கடைசி ஊர் இல்லை என்பதுதான் பாடம். வருடக்கணக்கில் தொண்டை வற்றக் கத்தியும் மனிதர்களுக்கு உறைக்காதது பொருட்களுக்கு உறைத்துவிட்டது. மாடிப்படியைத் தொடர்ந்து மூடிய தியேட்டரின் ஜன்னல்கள் வந்தன. ஆஸ்பத்திரித் தரைக்கற்கள் வரிசை கலையாமல் வந்தன. வரைந்தவர் மேஜையருகே காத்திருந்து, வரைபடத்துக்கு மேடம் பாஸ் போட்டதும், அதில் குறித்த இடத்துக்குக் கிளம்பிப் போயின.

மேடத்தின் தம்பி கட்டடம் இடிக்கும் காண்ட்ராக்டர். அவன்தான் முதலில் சண்டைக்கு வந்தான்.

“அக்கா, உன் பாடத்தால என் லாரியெல்லாம் சும்மா நிக்குது. நான் என்னத்தக் கொட்டுறது?”

“கொட்டாத. கழட்டக் கத்துக்கோ” என்றார் அக்கா, தட்டைக் கழுவிக்கொண்டே.

கல்லூரி முதல்வருக்கும் போதும் போதும் என்றாகிவிட்டது. அவருக்குக் கண்ணாடிக் கோபுரம் ஒன்று கட்ட ஆசை. அதற்காக மேடத்தின் வகுப்பு நடந்த இரண்டு மாடிக் கட்டடத்தை இடிக்க முடிவு செய்து, வேலையைத் தம்பியிடமே கொடுத்தார். அடுத்த பருவத்திலிருந்து அந்தப் பாடம் கிடையாது; கடைசி வருடப் பிள்ளைகள் புதுப் பொருளில் வரைந்துவராவிட்டால் ஃபெயில் என்றும் சொல்லிவிட்டார். பிள்ளைகளின் முகம் செத்துப்போனது. மேடத்துக்கு அதுதான் பொறுக்கவில்லை. தன் வேலை போனால் போகட்டும், இவர்கள் பட்டம் போகலாமா?

தேர்வு நாளில் முதல்வரே வந்து மேடத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு மாணவி தாளை விரித்தாள். குப்பைமேட்டை ஒட்டிய குடியிருப்பில் பள்ளிக்கூடம் இல்லை என்று, இவர்கள் உட்கார்ந்திருந்த கட்டடத்தையே அங்கே வைத்து வரைந்திருந்தாள். ஆனால் கதவு தனி, செங்கல் தனி என்று பிரித்து வரைய வேண்டியதை, அவசரத்தில் முழுசாக வரைந்துவிட்டாள். வேறு நாளாக இருந்தால் மேடம் திட்டித் தீர்த்திருப்பார்.

“இதுக்கெல்லாம் மார்க் கிடையாது” என்றார் முதல்வர். “கண்ணாடியில வரைஞ்சிட்டு வரச் சொல்லுங்க.”

“சொல்ல மாட்டேன் சார்” என்ற மேடம், சிவப்புப் பென்சிலை எடுத்து எல்லாத் தாள்களிலும் பாஸ் என்று எழுதினார்.

கட்டடம் எழுந்து நடந்தது. உள்ளே இருந்தவர்களோடு பெரிய சாலையில் இடது ஓரமாகவே போய், சிக்னல்களில் நின்று, குப்பைமேட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. முதல்வரின் தேநீர் தளும்பவில்லை. அவர் கீழே இறங்கி, உடனே இதைத் திருப்பி அனுப்புங்கள் என்று குதித்தார்.

“நடந்தது நான் இல்ல சார், கட்டடம். அதுகிட்டயே சொல்லிப் பாருங்க.”

அவர் சொல்லியும் பார்த்தார். பிறகு பஸ் பிடித்துப் போனார். மறுநாள் கடப்பாரையோடு வந்த தம்பி வெறும் மனையைப் பார்த்துவிட்டு, அக்காவிடம் ஸ்க்ரூடிரைவர் கேட்டு வந்து நின்றான். மதிப்பெண்களை ரத்து செய்யும்படி முதல்வர் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார். நிறைவேறிவிட்ட வரைபடத்துக்கு ஃபெயில் போட விதியில்லை என்று அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். மாநகராட்சி வந்து கதவு எண் ஒட்டிவிட்டுப் போனது.

இப்போது கீழே குடியிருப்புப் பிள்ளைகள் படிக்கிறார்கள். மேலே, யாரும் அனுமதிக்காத அந்தப் பாடம் நடக்கிறது. வகுப்பு தொடங்கிய பிறகு வருபவர்களை மேடம் உள்ளே விடுவதில்லை. போன மாதம் ஒரு தண்ணீர்த் தொட்டி தாமதமாக வந்து, வகுப்பு முடியும்வரை வெயிலில் நின்றது.